ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் ஓர் ஊசி

குறைமாதக் குழந்தை மூச்சுக்குத் தவிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களால் அந்த ஓசையை மறக்க முடியாது. மூச்சை விடும்போதெல்லாம் மெல்லிய முனகல். மூக்கு விடைக்கும், விலா இடுக்கில் தோல் உள்ளிழுக்கும், உதடு நீலம் பாரிக்கும். 28 வாரத்தில் பிறந்தாலும் நுரையீரல் இருக்கத்தான் செய்கிறது. அதன் காற்றறைச் சுவரில் இருக்கும் இரண்டாம் வகைச் செல்கள்தான் இன்னும் தயாராகவில்லை.

சர்ஃபாக்டன்ட் சுரப்பது அந்தச் செல்களின் வேலை. கொழுப்பும் சில புரதங்களும் சேர்ந்த அந்தக் கலவை ஈரச் சுவரில் படர்ந்திருந்தால்தான், மூச்சு வெளியேறிய பிறகும் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். அந்தப் புரதங்களுக்கான மரபணுக்கள் உடம்பின் எல்லாச் செல்களிலும் உண்டு. முழுவீச்சில் வேலை செய்வது நுரையீரலில், அதுவும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில். இவற்றில் 'பி' புரதத்தின் மரபணு இரு பிரதியிலும் பழுதானால், நிறைமாதக் குழந்தைகூடப் பெரும்பாலும் சில மாதங்களுக்கு மேல் தாங்குவதில்லை.

இந்த மரபணுக்களை முன்கூட்டியே முடுக்கிவிடலாம் என்பதற்குத் தடயம் கிடைத்தது செம்மறி ஆட்டில். நியூசிலாந்தின் ஆக்லாந்தில், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று 1960-களில் ஆராய்ந்துகொண்டிருந்தார் ஒரு மகப்பேறு மருத்துவர். கருவிலேயே ஸ்டீராய்டு செலுத்தப்பட்டு, நாளுக்கு வெகு முன்பே பிறந்த குட்டி ஒன்று மூச்சு விட்டது. அவ்வளவு சீக்கிரம் பிறந்த குட்டி மூச்சு விட்டிருக்கவே கூடாது. பிறகு அவரும் ஒரு குழந்தை மருத்துவரும் தாய்மார்களுக்கே ஊசி போட்டுப் பார்த்தார்கள். 282 தாய்மார்களைக் கொண்ட அந்த ஆய்வு 1972-ல் வெளியானது. ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் மூச்சுத்திணறலும் சாவும் குறைந்திருந்தன.

தாய்க்குப் போட்ட மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டி, குழந்தையின் செல்லுக்குள் புகுந்து, ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போய் டிஎன்ஏவில் அமர்கிறது. சர்ஃபாக்டன்ட் மரபணுக்கள் வேகமெடுக்கின்றன. நுரையீரலில் நிறைந்திருக்கும் நீரை உறிஞ்ச உதவும் சோடியம் வாயில்களும் பெருகுகின்றன. ஆனால் இதற்கு அவகாசம் வேண்டும். ஒரு நாளாவது கழிந்தால்தான் நல்ல பலன். ஒரு வாரம் போனால் பலன் குறையத் தொடங்கும்.

அந்த ஒரு நாளைத்தான் நாம் சாலையில் தொலைக்கிறோம். 32 வாரத்தில் வலியெடுத்து ராத்திரியில் சிறிய ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் வந்தால், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டு எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவது எளிது. ஆனால் வேண்டியது டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. மிக மலிவான மருந்து, ஃபிரிட்ஜ்கூட வேண்டாம். முதல் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்பலாம் என்று 2014-லேயே இந்தியாவில் வழிகாட்டுதல் வந்துவிட்டது. தவறவிட்டால், பிறந்த பிறகு ஆயிரக்கணக்கில் விலையுள்ள சர்ஃபாக்டன்ட், வென்டிலேட்டர், வாரக்கணக்கில் வார்டு வாசல்.

கண்டபடி போட்டால் தொற்று ஆபத்து என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், ஊசி போட்ட பிரிவில் பச்சிளங்குழந்தை இறப்பு 19.6 சதவீதம், போடாத பிரிவில் 23.5.

ரெஃபர் சீட்டில் பி.பி.க்குப் பக்கத்திலேயே 'ஸ்டீராய்டு: எத்தனை மணிக்கு' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அதுவரை கூட வரும் அம்மாவோ மாமியாரோ, வண்டி கிளம்பும் முன் கேட்கட்டும்: "சிஸ்டர், குழந்தை நுரையீரலுக்கான ஊசி போட்டாச்சா?"