பெர்கன் நகரில் எங்கே உண்பது?

நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரை வளர்த்தது கருவாடு. வடபகுதி மீனவர் உப்பிடாமல் குளிர்காற்றில் உலர்த்திய காட் மீனை ஜெர்மானிய ஹான்சா வணிகர்கள் இங்கிருந்தே கப்பலேற்றினர். 1702இல் தீக்கிரையாகி மீண்டும் எழுந்த அவர்களது மரக்கட்டடங்களே பிரிகென் துறைவீதி.

அந்த வரலாற்றை நாவால் அறிய, அவ்வீதியில் 1910இல் தொடங்கிய பிரிகெலாஃப்டெட் உணவகத்தையே முதலில் சொல்வேன். அக்கருவாட்டைக் காரநீரில் ஊறவைத்து, நன்கு அலசி, வேகவைத்த லூட்டெஃபிஸ்க் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களுக்கே உரியது. கோடைப் பயணிகளுக்குக் கிட்டாது. அதன் வழுவழுப்பைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். பட்டாணி மசியலும் பன்றி இறைச்சியும் உடன் வரும்.

வீட்டுச் சமையலுக்குப் பிங்வினென். துருவிய உருளைக்கிழங்கை உருட்டி வேகவைத்த ராஸ்பெபால் உண்டைகளை உப்பிட்ட ஆட்டிறைச்சியுடன் வியாழக்கிழமை உண்பது அவ்வூர் வழக்கம். துறைமுக மீன் சந்தையோ, என் கருத்தில், கண்ணுக்கு விருந்து; விலை மட்டும் பயணிகளுக்கென்றே வைத்தது.