முக்கொம்புத் திருநாட்களும் நம் வயல்களும்

ஆடிப் பதினெட்டும் காணும் பொங்கலும் வந்தால் முக்கொம்பில் கூடும் ஜனத்திரளைப் பற்றி ஜீயபுரத்து அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோ மீட்டரில், காவிரியினின்று கொள்ளிடம் பிரியுமிடத்தில், 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் கட்டுவித்த மேலணை, அதையொட்டிய பூங்கா, மர நிழல், கட்டுச்சோற்றுடன் வரும் குடும்பங்கள். 2018 ஆகஸ்ட் 22-ல் கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் இடிந்ததும், பின்னர் புதிய கதவணை எழுந்ததும் யாவரும் அறிந்ததே. ஜனங்கள் வருவது பற்றி நமக்கு மகிழ்ச்சியே. அவர்கள் ஏறி வரும் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பதே நம் விசாரம்.

கரூர் சாலைக்குப் பல இடங்களில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் இருப்புப் பாதை. விரிய இடமில்லை. இதன் இரு ஓரங்களிலும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் நின்றுவிட்டால் நடுவில் ஒரு பஸ் போகும் வழியே மிஞ்சுகிறது. ஓர் ஆடிப் பதினெட்டன்று பூவன் தார் ஏற்றிய லாரி ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் நகராமல் நின்றதைக் கண்டோம். விடியற்காலையில் வெட்டிய தார்கள், உச்சி வெயில். மண்டிக்குப் பிந்திச் சென்ற தாருக்கு என்ன விலை கிடைக்குமென்று வாழை பயிரிடுவோர் அறிவர். லாரியின் நிழலில் குந்தியிருந்த விவசாயி, "பழம் வாங்குறவங்கதான் ரோட்டை அடைச்சிருக்காங்க, யாரை வைறது?" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. அந்நேரத்தில் பிரசவத்துக்குச் செல்லும் ஒரு வண்டி வந்திருந்தால் என்னவாகும் என்றே எண்ணினோம்.

நெரிசலுக்கு வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. எல்லோரும் வாயிலுக்கு மிக அருகிலேயே நிறுத்த விரும்புவது ஒன்று; கட்டணம் வாங்கும் இடம் மற்றொன்று. நுழையுமிடத்திலேயே காசு வாங்கிச் சில்லறை கொடுக்க, வண்டிக்கு ஒரு நிமிஷம் ஆகுமானால், மணிக்கு 60 வண்டிகளே உள்ளே போகும். காத்திருக்கும் 100 கார்கள், காருக்கு 6 மீட்டர் வைத்தாலும், சாலையில் 600 மீட்டர் நீள்கின்றன. வண்டியை முதலில் உள்ளே விட்டு, நின்ற பிறகு அதனிடம் சென்று சீட்டுக் கொடுத்தால் இவ்வரிசை பெரிதும் குறையும். இதற்கு வேண்டியது கூடுதலாக நான்கு ஆட்கள், அவ்வளவே.

தொலைவில் நிறுத்தச் சொன்னால் ஜனங்கள் இணங்குவார்களா என்று கேட்கலாம். சபரிமலையைப் பாருங்கள். முக்கொம்பில் மதகுகள் இடிந்த அதே 2018 ஆகஸ்டில் பம்பையின் வண்டி நிறுத்துமிடங்கள் வெள்ளத்தில் சிதைந்தன. அதன் பின் பக்தர்களின் வண்டிகளை நிலக்கல்லில் நிறுத்தி, அரசு பஸ்களில் பம்பைக்கு ஏற்றிச் சென்றனர். முணுமுணுப்பு இருந்தது; ஆயினும் பஸ் ஏறினார்கள். அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் 2000-ஆம் ஆண்டு முதற்கொண்டே, கூட்டக் காலங்களில் பள்ளத்தாக்கினுள் சொந்தக் கார்களை விடாமல் பஸ் நடத்துகின்றனர். பஸ் அடிக்கடி வரவேண்டும், அதுதான் நிபந்தனை. ஜீயபுரத்திலும் எலமனூரிலும் ரயில் நிலையங்கள் இருப்பதையும் மறவாதிருப்போம்.

நிறுத்த இடம் எங்கே? ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். வந்து திரும்பும் வழியையும் சேர்த்துக் காருக்கு 25 சதுர மீட்டர் கொண்டால் 160 கார்கள் நிற்கும். இக்கணக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு தை மாதத்தில் அறுவடை முடிந்த வயலொன்றைச் சுட்டி, "இந்தக் காலி வயலைக் கொடுக்கலாமே அம்மா" என்று அதை உழும் மூதாட்டியிடம் கேட்டோம். "காலியா? உளுந்து தெளிச்சிருக்கேன், கண்ணுக்குத் தெரியலையா?" என்றார். குனிந்து பார்த்தோம், தாளடியில் இரண்டிலைப் பயிர். பட்டம் பெற்றவர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு.

ஆகவே தை மாதத்திலும் பயறு தெளிக்காத, நன்கு காய்ந்த வயலே ஆகும். ஆடியிலோ வயல் என்ற பேச்சே வேண்டாம். ஈர மண்ணில் சக்கரம் ஏறினால் மண் இறுகி, அடுத்த உழவில் அதன் கூலி தெரியும். அப்பொழுது நெற்களம், அரவை மில் முற்றம், சங்கக் கிடங்கின் முற்றம் ஆகியவற்றையே நாட வேண்டும். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர்கள் நிலத்துக்குரியோரின் சம்மதமின்றி ஒரு வண்டியையும் விடலாகாது.

தனித்தனியே ஆளுக்கொரு கயிறு கட்டிக் காசு வாங்குவதைவிடச் சங்கம் முன்நிற்பது நலம். துணை விதிகள் இடந்தருகின்றனவா என்று பார்த்து, நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, எண்ணிட்ட ரசீதுடன் வசூலித்து, நிலமுடையவருக்கும் சங்கத்துக்கும் உரிய பங்கை அன்றே எழுதிவிட வேண்டும். ரசீதுப் புத்தகமில்லாத வசூலைக் கண்டால் நமக்கு உறக்கம் வருவதில்லை! நெசவாளர் சங்கங்கள் துண்டும் வேட்டியும் விற்கும் கடையைச் சாலையோரத்தில் போடாமல் இந்நிறுத்துமிடத்துக்குள்ளேயே போடலாம். ஆற்றுக்குப் போகிறவர் துண்டை மறந்து வருவது உலக வழக்கம்.

காணும் பொங்கலுக்கு என்றால் மார்கழி முதல் வாரத்திலேயே இடம் பார்த்து, ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். லாரிக்காரர்களிடமும் அப்பொழுதே பேசி, திருநாளுக்குரிய தார்களை முதல் நாள் மாலையே வெட்டி, இரவோடிரவாக மண்டிக்குச் சேர்த்துவிட ஏற்பாடு செய்துகொள்ளலாம்.