கல்லீரலில் ஒரு மீன் முள்

விட்டுவிட்டுக் குளிர்காய்ச்சல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி. மலேரியாவும் இல்லை, டைபாய்டும் இல்லை. ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி. ஆன்டிபயாடிக் ஏற்றி, குழாய் வைத்துச் சீழை வடித்தால் காய்ச்சல் இறங்கும்; கொஞ்ச நாளில் மறுபடி ஏறும். சி.டி. படத்தை உற்றுப் பார்த்தால் கட்டிக்குள் நேராக, மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. அது என்றோ சாப்பிட்ட மீனின் முள்!

விழுங்கியது கல்லீரலுக்குப் போய்ச் சீழ் கட்டிய கதை 1898-லிருந்தே மருத்துவ ஏடுகளில் உண்டு. ஆனாலும் அபூர்வம்தான். தவறி விழுங்கியவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் எந்த வம்பும் செய்யாமல் மலத்தோடு போய்விடும். குடலைத் துளைப்பவை 1 சதவீதத்துக்கும் குறைவு.

அந்தச் சிலவற்றுக்கு வழி எங்கே கிடைக்கிறது? இரைப்பையை ஒட்டியே இருக்கிறது கல்லீரலின் இடது மடல். இரைப்பை அசைய அசைய, சுவரில் குத்திய முள் மெல்ல உள்ளே ஏறும். சட்டென்று கிழித்திருந்தால் வயிறு கல்லாக இறுகி, ஆள் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார். இதுவோ நிதானமான பயணம். துளை விழ விழ, பக்கத்துக் கொழுப்புத் திரை வந்து ஒட்டி அடைத்துவிடும். வாய்க் கிருமிகளைச் சுமந்தபடி முள் அந்தப் பக்கம் போய்ச் சேரும். பிறகு எண்டோஸ்கோப்பி செய்தால் இரைப்பையில் தழும்புகூடத் தெரியாமல் போகலாம். சாதாரண எக்ஸ்ரேயிலும் மீன் முள் பெரும்பாலும் சிக்காது.

"முள் ஏதாவது விழுங்கினீர்களா?" என்று டாக்டர் கேட்டால் பலருக்கு நினைவே இருக்காது. வாரங்கள், மாதங்கள் ஓடியிருக்கும். அண்ணத்தை மூடும் பல்செட் போட்டவர்களுக்கு முள் உறுத்தியதே தெரிந்திருக்காது.

நினைவிருப்பவர்களும் முள் சிக்கியபோது செய்தது என்ன? வெறுஞ்சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்குவது, இல்லையென்றால் வாழைப்பழம். பாட்டி காலத்து வைத்தியம், பல பேருக்குக் கேட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தொண்டையில் நிற்கிறவரை காது-மூக்கு-தொண்டை டாக்டர் விளக்கும் இடுக்கியும் வைத்து எடுத்துவிடுவார். அதை ஏன் ஆழத்துக்கு அனுப்ப வேண்டும்? (சேலை மடிப்புக்கு ஊக்கை உதட்டில் கவ்வும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க டாக்டர் செவாலியர் ஜாக்சன் நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்துச் சேர்த்த 2,374 பொருட்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் மியூசியத்தில் இருக்கின்றன. வாய் திறந்த ஊக்குகளும் அதில் உண்டு.)

கல்லீரல்வரை போய்விட்ட முள்ளுக்கு மருந்து மட்டும் போதாது. முள் இருக்கிறவரை கட்டி திரும்பத் திரும்ப வரும். லேப்ராஸ்கோப்பி மூலமும் எடுத்துவிடுகிறார்கள். வெளியே வருவது பல நேரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முள்தான்.