ஆற்றுக்குள் இறங்கும் ஜீப்

ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், ககாடு தேசியப் பூங்காவின் எல்லையை ஒட்டி ஈஸ்ட் அலிகேட்டர் என்னும் ஆறு ஓடுகிறது. அங்கே காஹில்ஸ் கிராஸிங் என்று ஓர் இடம் உண்டு. ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போடப்பட்ட தளத்தின் மேல், ஓடும் நீரைக் கிழித்துக்கொண்டு வண்டிகள் பல்லாண்டுகளாக அக்கரைக்குச் சென்று வந்திருக்கின்றன. கடல் ஏற்றத்தின்போது சில மணி நேரத்திற்குள் நீர்மட்டம் உயர்ந்துவிடும். ஆற்றில் முதலைகளும் ஏராளம். வழியில் எஞ்சின் நின்றுவிட்டால், இறங்கி வண்டியைத் தள்ள முடியாது!

அப்படியானால் ஆழமான நீரில் இறங்கும் வண்டியை எவ்வாறு தயார் செய்கிறார்கள்? இதற்கு விடை தருவது உங்கள் இயற்பியல் பாடமே. வாருங்கள், ஒவ்வொன்றாகக் காண்போம்.

எஞ்சினின் மூச்சு

மாடு ஆற்றைக் கடக்கும்போது மூக்கை நீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினுக்கும் அதே நிலைதான். எரிபொருள் எரியக் காற்று வேண்டும். 2 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு டீசல் எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றும்போது ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்றை உறிஞ்சுகிறது. ஓய்வாக இருக்கும் மனிதன் ஒரு நிமிடத்தில் சுவாசிப்பதோ 6 முதல் 8 லிட்டர் வரைதான். இவ்வளவு வேகமாக உறிஞ்சும் வாய் நீருக்குள் அமிழ்ந்தால் என்ன ஆகும்? காற்றுக்குப் பதிலாக நீர் உள்ளே பாயும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் இருந்தால், ஒவ்வொன்றிலும் பிஸ்டன் நகரும் இடம் 500 கன சென்டிமீட்டர். அமுக்க விகிதம் 18 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு மிஞ்சும் இடம் சுமார் 29 கன சென்டிமீட்டர்தான். அதாவது இரண்டு மேசைக்கரண்டி நீர் கொள்ளும் இடம்! அதற்கு மேல் நீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் உச்சியை எட்டவே முடியாது. காற்றை அமுக்கலாம்; நீரை அவ்வாறு அமுக்க இயலாது. 100 வளிமண்டல அழுத்தம் கொடுத்தாலும் நீரின் பருமன் அரை சதவீதம்கூடக் குறையாது. எனவே, நொடிக்கு 30 தடவைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த எஞ்சின் கல்லில் மோதியதுபோல் திடீரென நிற்கும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்ற இரும்புத் தண்டு வளைந்தோ முறிந்தோ போகும்.

இதனால்தான், நீருக்குள் நின்றுபோன வண்டியை உடனே மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்கிறார்கள். முதலில் அதைக் கரைக்கு இழுத்து வந்து, சிலிண்டர்களில் நீர் இருக்கிறதா என்று பார்த்து வெளியேற்ற வேண்டும்.

கூரைவரை நீளும் மூக்கு

காட்டுப் பாதைகளில் ஓடும் சில ஜீப்புகளின் முன் கண்ணாடியை ஒட்டி, கூரை உயரத்திற்கு ஒரு தடித்த குழாய் நிற்பதைக் காணலாம். அதற்கு ஸ்நார்க்கல் என்று பெயர். நீர்மூழ்கிக் கப்பல்கள் காற்று வாங்குவதற்காக வைத்திருந்த குழாயின் பெயரே இதற்கும் வந்தது. 

குழாயைப் பொருத்தினால் மட்டும் போதாது. கூரையிலிருந்து எஞ்சின்வரை உள்ள ஒவ்வோர் இணைப்பும் இறுக்கமாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்க மெக்கானிக்குகள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது குழாயின் வாயை ஒரு பலகையால் அடைப்பார்கள். எஞ்சின் திணறி நின்றால் குழாய் சரியாக இருக்கிறது. நிற்காமல் ஓடினால், வேறு எங்கோ ஓர் ஓட்டை வழியாகக் காற்று போகிறது என்று பொருள். காற்று போகும் ஓட்டையில் நீரும் போகும் அல்லவா? (இச்சோதனை மெக்கானிக்குகளுக்கு உரியது, நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.)

புகைக்குழாய் நீருக்குள் இருந்தால் பரவாயில்லையா என்று கேட்கலாம். எஞ்சின் ஓடும்வரை வெளியேறும் புகையின் அழுத்தமே நீரைத் தள்ளி நிறுத்தும். எஞ்சின் நின்றுவிட்டால்தான் நீர் உள்ளே ஏறத் தொடங்கும்.

பெட்ரோல் எஞ்சினுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்பார்க் பிளக்கில் பொறி உண்டாக்க ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். இணைப்புகள் நனைந்தால் மின்சாரம் வேறு வழியில் கசிந்துவிடும், பொறி பிறக்காது. டீசல் எஞ்சினில் பிளக் பொறிக்கு வேலையில்லை. எனினும் இக்கால வண்டிகள் எல்லாவற்றிலும் மின்னணுக் கருவிகள் இருப்பதால், அவற்றின் இணைப்புகளையும் நீர் புகாமல் காக்க வேண்டியிருக்கிறது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய நேச நாட்டுப் படைகளின் ஜீப்புகளும் லாரிகளும்கூட, மின் இணைப்புகளில் நீர்புகாப் பசை பூசப்பட்டு, காற்றுக்குழாய்கள் உயர்த்தப்பட்டே வந்தன.

சூடான அச்சும் குளிர்ந்த நீரும்

அடுத்து, யாரும் எளிதில் நினைத்துப் பார்க்காத ஓர் ஆபத்து. சக்கரங்களை இணைக்கும் அச்சுக் கூட்டுக்குள் பற்சக்கரங்களும் எண்ணெயும் சிறிது காற்றும் இருக்கின்றன. நெடுந்தூரம் ஓடிய வண்டியில் அந்தக் காற்று 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாகியிருக்கலாம். அப்படியே 25 டிகிரி நீரில் இறங்கினால் காற்று குளிர்ந்து, உள் அழுத்தம் சுமார் 15 சதவீதம் குறையும். அப்போது வெளியிலுள்ள நீர், சீல் எனப்படும் ரப்பர் வளையங்களைத் தாண்டி உள்ளே இழுக்கப்படும். எண்ணெய் மோர்போல் வெளுத்துவிடும். பற்சக்கரங்கள் விரைவில் தேயும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பெரியவர் ஒருவரின் துணையோடு, மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலை வெந்நீரால் அலசிக் கொட்டிவிட்டு உடனே இறுக மூடுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். பாட்டில் நசுங்குவதைக் காண்பீர்கள். அச்சுக்குள் நடப்பதும் இதுவே.

பரிகாரம் மிக எளிது. அச்சுக்கு மூச்சு விட ஒரு சிறு துளை இருக்கிறது. அதில் ஒரு குழாயை இணைத்து, அதன் மறுமுனையை நீர் எட்டாத உயரத்திற்குக் கொண்டுபோய் விடுவார்கள். நீரில் இறங்குமுன் சிறிது நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிடுவதும் நல்லது.

மெதுவாகச் செல்வது ஏன்?

நீருக்குள் வண்டி ஏறக்குறைய மனிதன் நடக்கும் வேகத்தில் செல்ல வேண்டும். அப்போது முன்னால் ஓர் அலை எழும்பி, அதன் பின்னே எஞ்சின் இருக்கும் இடத்தில் நீர்மட்டம் சற்றுத் தாழும். அலையோடு அலையாகச் சீராகப் போவதே திறமை. வேகமாகப் பாய்ந்தால் நீர் எஞ்சின் மேல் அடிக்கும். ரேடியேட்டரின் விசிறி நீரில் சிக்கி, இறக்கைகள் முன்னே வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடலாம். இதைத் தடுக்க வண்டியின் முகப்பில் தார்ப்பாய் கட்டுவதும் உண்டு. நடுவில் கியர் மாற்றக் கூடாது. கிளட்சுக்குள் நீர் புகுந்தால் இழுவை போய்விடும்.

ஆர்க்கிமிடீஸ் எழுப்பும் எச்சரிக்கை

இத்தனையும் செய்தாகிவிட்டது. இனி எந்த ஆற்றிலும் இறங்கலாமா? கூடாது! மீண்டும் ஒரு கணக்கு.

வண்டியின் எடை 2,000 கிலோ. அதன் தரைத்தட்டு 4 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் ஏறும்போதெல்லாம் வண்டி 640 லிட்டர் நீரை விலக்குகிறது. எனவே அதன் எடை 640 கிலோ குறைந்ததுபோல் ஆகிறது. நீரின் ஆழம் 70 சென்டிமீட்டர் ஆனால் 1,280 கிலோ போய், சக்கரங்கள் தரையை அழுத்துவது வெறும் 720 கிலோவாகிவிடும். உராய்வுக் கெழு 0.5 என்றால், சக்கரங்களின் பிடிப்பு 360 கிலோவுக்குச் சமம்.

இப்போது பக்கவாட்டில் நீர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மோதட்டும். நீருக்குள் இருக்கும் பக்கப் பரப்பு 2 சதுர மீட்டர் என்றால், தள்ளும் விசை ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமம். பிடிப்பைவிட இது அதிகம். வண்டி பக்கவாட்டில் நகரத் தொடங்கும்! நீரின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறக்காதீர்கள்.

இதில் ஒரு விந்தையைக் கவனித்தீர்களா? நீர் புகாதபடி கதவுகளை நன்றாக அடைத்த வண்டிதான் எளிதில் மிதக்கும். மூச்சுக்குழாய் எஞ்சினைக் காக்கும். மிதப்பதிலிருந்து வண்டியைக் காக்காது. 30 சென்டிமீட்டர் ஓடும் நீர் பெரும்பாலான சிறு கார்களை அடித்துச் செல்ல வல்லது. 60 சென்டிமீட்டர் நீர் பெரும்பாலான வண்டிகளையும் கொண்டுபோய்விடும். இது அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை தரும் எச்சரிக்கை.

ஆகவே, அனுபவமுள்ள ஓட்டுநர் முதலில் கரையில் நின்று ஆழத்தையும் வேகத்தையும் அடித்தளத்தையும் ஆராய்கிறார். முதலை இல்லாத ஆறு என்றால், வேகம் குறைந்த ஆழமற்ற நீரில் கோல் ஊன்றி நடந்து பார்க்கிறார். முதலை உள்ள ஆற்றில் ஆழம் காட்டும் அளவுகோலைப் பார்த்து, நீர் வடியும் நேரத்திற்காகக் காத்திருக்கிறார். அக்கரை சேர்ந்ததும் பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே சிறிது தூரம் ஓட்டி உலர்த்துகிறார். எண்ணெய்களில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.

அடுத்த மழைக்காலத்தில், நீர் புரண்டோடும் தரைப்பாலத்தின் முன் ஒரு வண்டி தயங்கி நின்றால், அதிலிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். காத்திருந்தால் சில மணி நேரம் போகும், அவ்வளவுதான்.