ஜிப்புக்கு எத்தனை ரூபாய் தருவீர்கள்?

மும்பை தாராவியில் சயான்–பாந்த்ரா லிங்க் ரோடு நெடுக தோல்பைக் கடைகள். நெல்லைச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே வேரூன்றச் செய்த தொழில். கடைக்கு வருகிறவரிடம், "அசல் தோல் வேண்டுமா? ஜிப் உறுதியாக இருக்க வேண்டுமா? விலை குறைய வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லாமே வேண்டும் என்பார். சொல்வதற்குக் காசா, பணமா! அந்தப் பதிலை நம்பிப் பை தைத்தால் சரக்கு தேங்கும்.

அதனால் சந்தை ஆய்வாளர்கள், வாங்குபவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று பார்க்கிறார்கள். ஓர் அட்டையில் இரண்டு பைகள். ஒன்று எருமைத்தோல், சாதா ஜிப், 1,800 ரூபாய். மற்றது ரெக்ஸின், உறுதியான ஜிப், 1,200 ரூபாய். மூன்றாவதாக, 'இரண்டும் வேண்டாம்'. இதைச் சேர்க்காத ஆய்வு பாழ்; கடையில் வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் உண்டே. உசத்தியான பையே விலையும் மலிவு என்றால் அந்த அட்டையும் வீண்.

தோல், ஜிப், உள்துணி, விலை என நான்கு அம்சங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வகை. பெருக்கினால் 81 பைகள். அத்தனையும் காட்டினால் ஆள் எழுந்து போய்விடுவார். இங்கேதான் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்த சி.ஆர்.ராவ் 1940களில் வகுத்த ஆர்த்தோகனல் அணிகள் கைகொடுக்கின்றன. ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு ஜிப்போடும், ஒவ்வொரு விலையோடும் சரிசமமாகச் சேரும்படி பொறுக்கினால் 9 பைகளே போதும். தோலின் ஈர்ப்பு வேறு, விலையின் ஈர்ப்பு வேறு என்று பிரித்துவிடலாம். ஆனால், 'நல்ல தோலில் தைத்தால்தான் நல்ல ஜிப்புக்கு மதிப்பு' என்பது போன்ற கூட்டு விளைவுகள் இந்தச் சிக்கனத்தில் அகப்படாது.

தெரிவுகளிலிருந்து மதிப்பைக் கணக்கிடும் முறையை வகுத்தவர் பொருளாதார அறிஞர் டேனியல் மக்ஃபாடன். சான்பிரான்சிஸ்கோவில் 'பார்ட்' ரயில் ஓடுமுன், வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் ஏறுவார்கள் என்றது அரசுக் கணிப்பு. அவர் சொன்னது 6.3, நடந்தது 6.2. 2000இல் நோபல் பரிசு பெற்றார்.

கணக்கு எளிது. விலை 100 ரூபாய் ஏறினால் விருப்பம் 0.2 குறைகிறது, ரெக்ஸினுக்குப் பதில் தோல் என்றால் 1.2 கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வாங்குபவர் கண்ணில் தோலின் மதிப்பு 600 ரூபாய். காகிதத்தில் எல்லோரும் தாராளம் என்பதால் இதையும் சற்றுக் குறைத்தே நம்ப வேண்டும்.

பட்டறை வைத்திருப்பவர்கள் ஒன்பது பைகளையும் தைக்க வேண்டியதில்லை, படம் போதும். ஆனால் ஒரு துண்டுத் தோலையும் ஒரு ஜிப்பையும் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். தொட்டுப் பார்த்து வாங்கும் சரக்கு இது.