அயலானால் நேரும் சேதமும் விசுவாசியின் கிருபையும்

கிராமச் சபைகளில் ஊழியஞ்செய்யும் போதகர்கள் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு: "அடுத்த நிலத்துக்காரர் ஆடு என் கடலையை மேய்ந்துவிட்டது. நான் ஈடு கேட்கலாமா, அல்லது மன்னித்துவிட வேண்டுமா?" புதுக்கோட்டை மாவட்டத்தைப் போன்ற வானம் பார்த்த பூமியில் இது சிறிய கேள்வியன்று. ஒரு பருவத்து வெள்ளாமை ஓராண்டுப் பிழைப்பாகும். 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயலில் இம்மாவட்டத்தில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அவ்வாறு ஒருவனுடைய மரம் அடுத்தவனுடைய கூரையின்மேல் விழுந்தால், அந்த நஷ்டம் யாரைச் சாரும்? "மன்னிப்பே கிறிஸ்தவம்" என்று ஒரே வரியில் விடை கூறுவது எளிது. திருமறையோ இதைவிட நுட்பமாய்ப் பேசுகிறது.

பிரமாணம் போதிப்பது

யாத்திராகமம் 21, 22ஆம் அதிகாரங்கள் சேதங்களை ஒரே தராசில் நிறுப்பதில்லை. முட்டும் வழக்கமில்லாத மாடு அயலானுடைய மாட்டைக் கொன்றுவிட்டால், உயிரோடிருப்பதை விற்ற பணத்தையும் செத்ததையும் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். யாருடைய குற்றமுமல்லாத நஷ்டம் இருவருக்கும் பொதுவாகிறது. முட்டும் மாடென்று அறிந்தும் அதைக் கட்டிவையாதவன் முழு ஈடும் கொடுக்கக்கடவன். பிறன் வயலில் மேயவிட்டவன் தன் விளைச்சலில் சிறந்ததைக் கொடுக்க வேண்டும். திருடியவனோ இரட்டிப்பாகவும், அதற்கு மேலாகவும் கொடுக்க வேண்டும். விபத்து, அசட்டை, துர்நோக்கம் ஆகிய இவை வெவ்வேறானவை.

இப்பகுதியில் 'ஈடு செய்தல்' என்பதற்கு வழங்கும் எபிரெயச் சொல்லும், சமாதானத்தைக் குறிக்கும் 'ஷாலோம்' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஆகவே ஈடு கேட்பது பகைமையாகாது. உடைந்துபோன உறவை முழுமையாக்கும் வழியாகவும் அது இருக்கக்கூடும். கால்நடை அத்துமீறலைப் பற்றிய 1871ஆம் ஆண்டுச் சட்டம், பயிரை அழித்த மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்திற்குள் ஊர்ப் பட்டிக்கு அனுப்ப வகை செய்தது. இத்தகைய நியாயத்தை நாடுகிறவன் அதனாலேயே கிருபையை இழந்தவன் ஆகான்.

கிருபை செய்வது

அப்படியானால் கிருபைக்கு இடமெங்கே? கிருபை நஷ்டத்தை மறுப்பதில்லை. அதை யார் சுமப்பது என்பதையே மாற்றுகிறது. ஒநேசிமுவினால் பிலேமோனுக்கு நஷ்டம் ஏதேனும் உண்டாயிருந்தால் அதைத் தன் கணக்கில் வைக்கும்படி பவுல் எழுதினார். அவர் கையாண்ட கிரேக்கச் சொல் வியாபாரக் கணக்கில் வழங்கிய சொல்லாகும். அவர் கணக்கை அழிக்கவில்லை. தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். நம் கடனைத் தம்மேல் ஏற்றுக்கொண்ட சிலுவையின் சாயல் இதில் உண்டு.

கட்டளையிடத் தமக்கு உரிமையிருந்தும் பவுல் அன்பினிமித்தம் வேண்டிக்கொண்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். ஈசாக்கும் அவ்வாறே. பெலிஸ்தர் அவன் தகப்பனுடைய கிணறுகளை மண்ணால் தூர்த்தனர். நீர் அரிதான நம் நாட்டார் இதன் கொடுமையை அறிவார்கள். அபிமெலேக்கைவிட வலியவனாயிருந்தும் ஈசாக்கு விலகிச்சென்று வேறு கிணறு தோண்டினான். பின்பு அபிமெலேக்கு தன்னிடம் வந்தபோது, முதலில் பகையை வெளிப்படையாய் எடுத்துரைத்தான். அதன்பின் விருந்து செய்தான். உண்மையை மறைத்துப் பெற்ற சமாதானம் அன்று அது.

ஓர் எச்சரிக்கை

மேற்கூறிய இருவரும் வல்லமை உடையவர்கள். கேட்டுப் பெறக்கூடியவன் விட்டுக்கொடுப்பதே கிருபை. எளியவனைப் பார்த்து வலியவன் அதைக் கோர முடியாது. ஆகாப் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறித்தபோது எலியா ராஜாவையே கண்டித்தார். கூலியாளின் குடிசையை நிலக்கிழார் இடித்தால், "பொறுத்துக்கொள்" என்று கூலியாளுக்கு உபதேசிக்கும் போதகர் கிருபையைப் பிரசங்கிக்கவில்லை. சபையின் சொத்துக்கு நேர்ந்த சேதத்தைக் காரியதரிசி ஒருவர் தம் விருப்பப்படி மன்னித்துவிடவும் இயலாது. பிறருடையதைத் தானம் செய்வது தாராளமன்று.

நடைமுறையில்

சேதம் நேர்ந்தால், கோபம் தணிந்தபின் அயலாரையும் அழைத்துக்கொண்டு வயலைப் பார்வையிடுக. இருவரும் சேர்ந்து நஷ்டத்தை மதிப்பிடுக. விபத்தாயின் பங்கிட்டுக்கொள்க. அசட்டையாயின் ஈட்டை ஏற்றுக்கொள்க. அயலார் ஏழையாயின் இயன்றதைத் தள்ளுக. தள்ளியதைத் திருவிழாவிலும் சந்தையிலும் சொல்லிக்காட்டாதிருக்க. சொல்லிக்காட்டும் மன்னிப்பு வட்டி வாங்கும் கடனாகும். அவர் மனமுவந்து கொடுக்க வருவதைத் தடுக்கவும் வேண்டாம். இயேசு தன் வீட்டிற்கு வந்தபின் சகேயு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். ஆண்டவர் அதை மறுக்கவில்லை.

அறுவடைக்கு முன் நம் பயிரை மேய்ந்த ஆடுகளையே, அறுவடைக்குப் பின் எருவுக்காகக் கிடை போடும்படி நாம் வருந்தி அழைக்கிறோம். அயலாருக்கும் நமக்கும் உள்ள கணக்கு ஒரு நாளில் முடிவதன்று. ஒரு பருவத்தின் நஷ்டத்தை நியாயமாய் எண்ணி, கிருபையாய்த் தீர்க்கிறவன் பல பருவங்களுக்கு அயலானைச் சம்பாதித்துக்கொள்கிறான்.