44 எம்எம் வாட்சுக்கு 20 எம்எம் ஸ்ட்ராப்

டீயை ஓரமாக வைத்துவிட்டு, அறுந்துபோன அந்த ஃபிட்னஸ் பேண்டை வெளிச்சத்துக்கு எடுத்து வாருங்கள். புது ஸ்ட்ராப் தேடிக் கிளம்புவதற்கு முன்னால், பழையது எந்த இடத்தில் போனது என்று பார்த்துவிடுவோம். பெரும்பாலும் மூன்றில் ஓர் இடமாகத்தான் இருக்கும். நுனியைச் செருகி வைக்கும் சின்ன வளையம் போயிருக்கும், அல்லது பக்கிள் ஊசி நுழையும் ஓட்டை கிழிந்திருக்கும், அல்லது ஸ்ட்ராப் கருவியோடு சேரும் அடிப்பக்கம் விட்டிருக்கும். வளையம் மட்டும் என்றால் கவலை வேண்டாம், அது பல கடைகளில் தனியாகவே கிடைக்கும். மற்ற இரண்டும் என்றால் ஸ்ட்ராப்பை மாற்றத்தான் வேண்டும். அது பெரிய வேலையல்ல. கருவி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ரப்பர் கிழிந்துவிட்டது என்பதற்காக அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு வேறு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

முதலில், ஏன் கிழிகிறது? இந்த ஸ்ட்ராப்புகளில் மிகுதியும் சிலிக்கானில் செய்தவை. சிலிக்கான் மென்மையானது, வியர்வைக்கு அசையாது, பெரும்பாலானவர்களின் தோலுக்கு ஒத்துப்போகும். ஆனால் கிழிசலைத் தாங்கும் பலம் அதற்குக் குறைவு. ஷாம்பு பாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன இழுத்தாலும் கிழியாத பாக்கெட், ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருந்தால் ஒரே இழுப்பில் வந்துவிடுகிறது அல்லவா? சிலிக்கானும் அப்படித்தான். தினமும் ஒரே ஓட்டையில் ஊசியைக் குத்தி இழுக்கிறோம். ஒரு நாள் அந்த ஓட்டையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. அதற்குப் பிறகு இழுக்கிற விசையெல்லாம் அந்தக் கீறலின் நுனியில்தான் போய்க் குவியும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது பட்டென்று அறுந்துவிடும். நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது என்று தோன்றும். உண்மையில் கீறல் அங்கே வெகுநாளாகக் காத்திருந்தது.

இன்னொரு பொருள் டிபியூ. இது பாலியூரித்தேன் குடும்பத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக். கிழிசலைச் சிலிக்கானைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் ஈரம் சில வகைகளுக்கு ஆகாது. தண்ணீர் அவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்லத் துண்டித்துவிடும். பழைய ஸ்ட்ராப் சில பிசுபிசுவென்று ஒட்டுவதும், மடங்கும் இடத்தில் வெடிப்பதும் இதனால்தான். கடலோர ஊர்களின் புழுக்கத்தில், வியர்வையோடு இரவும் பகலும் கழற்றாமல் போட்டிருந்தால் இது சீக்கிரமே நடக்கும். டீட் என்ற மருந்து கலந்த கொசுவிரட்டியைக் கையில் பூசுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது பல பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும்.

கிழிந்ததும் நம்மில் பலருக்கு முதலில் கை போவது ஃபெவிக்விக்கிடம். சிலிக்கான் மேல் அது நிற்காது. எதுவும் எளிதில் ஒட்டாத பரப்பு அது. கேக் அச்சுகளைச் சிலிக்கானில் செய்வதே அதற்காகத்தான். தப்பித் தவறி ஒட்டிக்கொண்டாலும் அந்தப் பசை காய்ந்து விறைத்துவிடும். நாள் முழுக்க வளைய வேண்டிய இடத்தில் விறைப்பான ஒரு பசைக்கோடு எத்தனை நேரம் தாங்கும்? சிலர் ஊசி நூலால் தைத்துப் பார்க்கிறார்கள். கையின் பொறுமை பாராட்டத்தக்கது, ஆனால் ஊசி இறங்கும் ஒவ்வோர் ஓட்டையும் ஒரு புதுக் கிழிசலின் ஆரம்பம். ஒட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். மாற்றுவோம்.

மாற்றுவதற்கு, ஸ்ட்ராப் கருவியோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஷாவ்மியின் மி பேண்ட் வரிசையில் 7 வரைக்குமான சாதாரண மாடல்களில், மாத்திரை வடிவக் கருவி ஒரு ரப்பர் உறைக்குள் உட்கார்ந்திருக்கும். பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் தள்ளினால் வெளியே வந்துவிடும். இங்கே ஸ்ட்ராப் முழுவதும் ஒரே துண்டு, அளவு பார்க்கும் வேலையே இல்லை. மாடல் எண் சரியாக இருந்தால் போதும். மி பேண்ட் 3-க்கும் 4-க்கும் ஒரே ஸ்ட்ராப், 5-க்கும் 6-க்கும் ஒரே ஸ்ட்ராப். 2023-இல் வந்த 8-ஆம் மாடலில் இந்த உறை ஏற்பாட்டையே விட்டுவிட்டு, இரண்டு முனையிலும் தனித்தனியாக மாட்டும்படி செய்துவிட்டார்கள். 9-ஆம் மாடலும் அதே ஸ்ட்ராப்பை ஏற்கும். உறை வகை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உறையின் வாய் தளர்ந்துபோனால் ஸ்ட்ராப் கையிலேயே இருக்கும், கருவி எங்கோ விழுந்திருக்கும். தளர்வு தெரிந்த அன்றே மாற்றிவிடுவது நல்லது.

ஃபிட்பிட் தன் சார்ஜ் வரிசைக்குச் சொந்தமாகக் கொக்கி செய்துகொண்டது. அதிலும் அண்டை மாடல்கள் பங்கு போட்டுக்கொள்ளும்: சார்ஜ் 3-உம் 4-உம் ஒரு ஜோடி, 5-உம் 6-உம் ஒரு ஜோடி. ஆனால் 2015-இல் வந்த சார்ஜ் எச்ஆர் மாடலில் ஸ்ட்ராப் கருவியின் உடலோடு உடலாகச் சேர்ந்திருந்தது, வீட்டில் மாற்றவே முடியாது. அடுத்த ஆண்டு வந்த சார்ஜ் 2-இல்தான் கழற்றி மாட்டும் ஸ்ட்ராப் வந்தது. இனி கருவி வாங்கப்போகிறவர்கள் திரை, பேட்டரி எல்லாம் பார்ப்பதோடு ஸ்ட்ராப் கழலுமா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் தேய்ந்து போவது அதுதான்.

மிச்சமுள்ள பெரிய கூட்டம், சாதாரணக் கைக்கடிகாரம் போலவே ஸ்பிரிங் பின்னில் மாட்டுவது. இங்கேதான் எல்லாரும் வழுக்கும் இடம் வருகிறது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

பெட்டியில் '44 எம்எம்' என்று போட்டிருக்கிறது. கடையில் போய் '44 எம்எம் ஸ்ட்ராப் இருக்கா?' என்று கேட்கிறோம். கடைக்காரர் விழிக்கிறார், அல்லது எதையோ எடுத்துத் தருகிறார். இந்த 44 என்பது கருவியின் உடல் அளவு. ஸ்ட்ராப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஸ்ட்ராப்புக்கு வேண்டியது, அதைப் பிடித்திருக்கும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அது பெரும்பாலும் 18, 20, 22 மில்லிமீட்டர்களில் ஒன்றாக இருக்கும். சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச் 4 இரண்டு உடல் அளவுகளில் வந்தது, 40 எம்எம், 44 எம்எம். இரண்டுக்குமே 20 எம்எம் ஸ்ட்ராப்தான். ஆனால் அதே நிறுவனத்தின் 2018-ஆம் ஆண்டு கேலக்ஸி வாட்சில், 42 எம்எம் உடலுக்கு 20, 46 எம்எம் உடலுக்கு 22. ஆக, உடல் அளவை வைத்து ஸ்ட்ராப் அளவை ஊகிக்கவே முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இடைவெளி 20 என்றால், நேரான பின்னில் மாட்டும் எந்த 20 எம்எம் ஸ்ட்ராப்பும், எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும், பொருந்திவிடும். அமேஸ்ஃபிட்டின் முதல் பிப் வாட்சுக்கு வாங்கியதை கேலக்ஸி வாட்ச் 4-இல் மாட்டலாம். தாத்தாவின் கைக்கடிகாரத்துக்கு வாங்கிய தோல் வாரும் 20 எம்எம் என்றால் மாட்டிக்கொள்ளலாம். கம்பெனி பெயர் சொல்லித் தேட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

குழப்பம் இன்னும் ஆழமாவதற்கு ஆப்பிளும் ஒரு காரணம். அங்கே பின் கிடையாது, ஸ்ட்ராப்பின் முனை பக்கவாட்டிலிருந்து ஒரு பள்ளத்தில் வழுக்கிப் போய் உட்காரும். அந்த ஸ்ட்ராப்புகளை உடல் அளவைச் சொல்லித்தான் விற்கிறார்கள். 44 எம்எம் ஸ்ட்ராப் என்றால் 44 எம்எம் வாட்சுக்கானது. அதைப் பார்த்துப் பழகிய கண், மற்றக் கருவிகளுக்கும் அதுதான் கணக்கு என்று எண்ணிவிடுகிறது. அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. 38, 40, 41 ஒரு கூட்டம். 44, 45, 46, 49 இன்னொரு கூட்டம். 42 எதில் சேரும்? மூன்றாம் சீரிஸ் வரையிலான பழைய 42 பெரிய கூட்டம். 2024-இல் வந்த பத்தாம் சீரிஸின் 42 சின்னக் கூட்டம். எண் ஒன்று, ஸ்ட்ராப் வேறு. ஆப்பிள் வைத்திருப்பவர் எந்த சீரிஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

அளப்பதற்குப் பிள்ளைகளின் ஜியோமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் போதும். பழைய ஸ்ட்ராப்பை அளக்காதீர்கள், கொஞ்சம் நசுங்கியும் விரிந்தும் இருக்கும். இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ஸ்கேலின் தடித்த ஓரம் உள்ளே நுழையாவிட்டால், ஒரு தாளை நீளவாக்கில் கத்தரித்து இரண்டு கொம்புகளுக்கும் நடுவே வையுங்கள். மடங்காமல், தள்ளாடாமல் நிற்கும்வரை ஓரத்தைச் சீவிச் சீவிக் குறையுங்கள். பிறகு அந்தத் தாளின் அகலத்தை அளந்தால் சரியான எண் கிடைத்துவிடும். 19-க்கும் 20-க்கும் நடுவில் சந்தேகம் வந்தால் அந்தத் தாளையே கடைக்கு எடுத்துப் போகலாம். 22-ஐ 20-க்குள் நசுக்கித் திணித்தால் ரப்பர் சுருண்டு பின்னை நெருக்கும். 20-ஐ 22-இல் மாட்டினால் ஸ்ட்ராப் பக்கவாட்டில் ஆடி ஆடிப் பின்னைத் தேய்க்கும். இரண்டும் கருவியைக் கீழே விழவைக்கும் வழிகள்தான்.

ஸ்பிரிங் பின் என்பது ஒரு மெல்லிய உலோகக் குழாய். உள்ளே சின்ன ஸ்பிரிங் இருக்கும், இரு பக்கமும் நுனிகள் துருத்திக்கொண்டிருக்கும். நுனியை உள்ளே தள்ளினால் பின் நீளம் குறைந்து கழன்றுவிடும், விட்டால் கொம்பிலுள்ள குழியில் போய் உட்காரும். இப்போது வரும் பல ஸ்ட்ராப்புகளின் அடியில் நகத்தால் இழுக்கிற அளவுக்கு ஒரு குட்டி நெம்பி இருக்கிறது, அது இருந்தால் கருவி எதுவும் வேண்டாம். இல்லையென்றால் கவை போன்ற நுனியுள்ள பின் கழற்றி வேண்டும். அதை வாங்குவதைவிட, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வாட்ச் ரிப்பேர் கடைக்குப் போய்விடுவேன் நான். கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடத்தில் முடித்துத் தருவார். வீட்டில் செய்வதானால் தட்டின் மேல் ஒரு துண்டை விரித்துக்கொண்டு செய்யுங்கள். அந்தப் பின் தெறித்தால் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாட்டியதும் 'டிக்' என்ற சத்தம் வர வேண்டும். அதற்குப் பிறகும் ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள், ஏனென்றால் ஒரு நுனி மட்டும் குழியில் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பின் பார்வைக்குச் சரியாக மாட்டியது போலவே இருக்கும்.

எந்த வகை வாங்குவது? அழகை மட்டும் பார்க்க வேண்டாம் என்பேன். கருவியின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளி தோலுக்குள் போய், ஓடும் ரத்தம் விழுங்கியது போக மிச்சம் திரும்பி வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பும் அளவு கூடிக் குறைவதை வைத்துத்தான் இதயத் துடிப்பை எண்ணுகிறார்கள். கருவி தோலிலிருந்து தூக்கிக்கொண்டு ஆடினால் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து கணக்கு தப்பிவிடும். அதனால் ஸ்ட்ராப்பும் அளவுக் கருவியின் ஒரு பாகமே. கனமான உலோகச் செயின் அழகாக இருக்கலாம், ஓடும்போது கையில் சறுக்கும். மெலிதாக நீளும் நைலான் பட்டை அல்லது சிலிக்கான்தான் உடற்பயிற்சிக்கு ஏற்றது. மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அளவு முழங்கைப் பக்கமாகத் தள்ளி, ரத்த ஓட்டத்தை இறுக்காமல், அசையாமல் நிற்கும்படி கட்ட வேண்டும்.

தோல் விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014-இல் ஃபிட்பிட் தன் ஃபோர்ஸ் மாடலை, அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம் கருவிகளை, திரும்பப் பெற்றது. போட்டவர்கள் பலருக்கு மணிக்கட்டில் தடிப்பும் அரிப்பும் வந்ததுதான் காரணம். உலோகத்திலுள்ள நிக்கல், ஸ்ட்ராப்பின் பொருள், ஒட்டும் பசை ஆகியவற்றின் மேல்தான் சந்தேகம் போனது. கவரிங் நகை போட்டால் அரிக்கும் தோல் உள்ளவர்கள், பக்கிள் என்ன உலோகம் என்று தெரியாத மலிவான ஸ்ட்ராப்பைத் தவிர்த்துவிடுங்கள். பக்கிளே இல்லாமல் ஒட்டிப் பிரிக்கும் நைலான் பட்டையும் கிடைக்கிறது.

ஆன்லைனில் வாங்குவதானால், எந்த மாடலுக்கெல்லாம் பொருந்தும் என்ற நீண்ட பட்டியலை நம்புவதைவிட, ஸ்ட்ராப் கருவியோடு சேரும் முனையின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கருவியின் முனையும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். மாடல் பெயர் மறந்திருந்தால் போனிலுள்ள அதன் ஆப்பில் இருக்கும். சொந்தக் கொக்கி வகைக்கு வேறு நிறுவனத்தின் ஸ்ட்ராப் வாங்கும்போது, கொக்கி ஆடாமல் உட்காருகிறதா என்று முதல் நாளே சோதித்து, ஆடினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கொம்பே உடைந்திருந்தால் எந்த ஸ்ட்ராப்பாலும் பயனில்லை. அப்போதும் கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். மாத்திரை வடிவக் கருவி என்றால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாலும் காலடிகளை ஓரளவு எண்ணிக்கொண்டேதான் இருக்கும், இதயத் துடிப்பு மட்டும் கிடைக்காது. நன்றாக மாற்றி முடித்தவர்களும் பழைய ஸ்ட்ராப்பைக் குப்பையில் போடுவதற்கு முன், கெடாத பின்களையும் அந்தச் சின்ன வளையத்தையும் கழற்றி ஒரு தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். புதிய ஸ்ட்ராப்பிலும் பெரும்பாலும் வளையம்தான் முதலில் அறும்.